எலும்புக் குதிரையில் ஏறிப்போன ரீங்காரம்

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் கடைசியாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. பிருடைகளைத் திருகி, மணிகளை நகர்த்தி, எல்லாத் தந்திகளும் சேர்ந்துவிட்ட பிறகும் அவர் கருவியைக் கீழே வைக்கமாட்டார். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் கிடக்கும் சிறு நூலை நகத்தால் மயிரிழை முன்னே தள்ளுவார், பின்னே இழுப்பார். ஏதோ ஓரிடத்தில் தந்தி சட்டென்று திறந்துகொள்ளும். அதுவரை மொட்டையாக விழுந்து அடங்கிய ஒலி, விரல் எடுத்த பிறகும் தேனீக்கூட்டம்போல ரீங்கரித்து நீளும். யாரும் மீட்டாத காந்தாரம் அதற்குள்ளிருந்து தானாகக் கேட்கும். அந்த நூலுக்கு ஜீவாளி என்று பெயர். உயிரைக் கொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த உயிர் எங்கிருந்து வருகிறது என்று 1921-இல் சி. வி. ராமன் ஒரு சிறு ஆய்வுரை எழுதினார். அப்போது அவர் கல்கத்தாவில் இருந்தார். ஒளிச்சிதறலுக்கு முன்பு அவரை ஆட்கொண்டிருந்தது தந்திகளும் தோல்கருவிகளும்தான். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு விழவேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது தாமஸ் யங் காலத்திலிருந்து இயற்பியல் சொல்லிவந்த விதி. நட்டநடுவில் மீட்டினால் பாதி மேற்சுரங்கள் காணாமல் போயிருக்க வேண்டும். தம்புராவிலும் வீணையிலும் அவை போகவில்லை, உரக்கவே கேட்டன. காரணம் குதிரையில் இருப்பதை ராமன் கண்டார். ஐரோப்பியக் கருவிகளில் தந்தி ஒரு கூரிய விளிம்பின் மேல் தங்கும். நம் கருவிகளில் குதிரையின் மேற்பரப்பு அகலமானது, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத வளைவு கொண்டது. அதிரும் தந்தி ஒவ்வொரு அதிர்விலும் அந்த வளைவைத் தொட்டு விலகி, தொட்டு விலகிப் போகிறது. அந்தத் தொடுதல்தான் மேற்சுரங்களை விடாமல் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

சிதாரில் நூல் கிடையாது. வீணையில் குதிரையின் மேல் உலோகத் தகடு இருக்கும் என்றால், சிதாரில் எலும்போ மான்கொம்போ இருக்கும். வடக்கே அதை அழைக்கும் பெயர்களில் ஒன்றுக்கும் பெண்குதிரை என்றுதான் பொருள். இரண்டு மொழிக்காரர்களும் தந்தி ஏறிச் சவாரி செய்யும் அந்தத் துண்டில் ஒரே விலங்கைப் பார்த்திருக்கிறார்கள். அந்த எலும்பின் மேற்பரப்பை அரத்தால் இழைத்து இழைத்து வளைவு கொண்டுவரும் கலைக்கு ஜவாரி என்று பெயர். தண்டின் மேல் வளைந்த, நகர்த்தக்கூடிய மெட்டுகள். மெட்டுகளுக்கு மேலே மீட்டுவதற்கு ஆறு அல்லது ஏழு தந்திகள். மெட்டுகளுக்கு அடியில், யாரும் தொடாமலே கூட அதிரும் தரப் தந்திகள், 11 முதல் 13 வரை. அவற்றுக்கும் தனியாக ஒரு குட்டிக் குதிரை.

1960-களில் இந்தக் கருவி மேற்கத்திய வெகுஜனப் பாட்டுக்குள் நுழைந்த கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். பீட்டில்ஸ், ரவிசங்கர், உட்ஸ்டாக் என்று மூன்று பெயர்களில் அது முடிந்துவிடுவதும் வழக்கம். எனக்கு அதில் வேறொரு கேள்வி உண்டு. மேற்கு சிதாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது? நான் கேட்டவரையில், பாட்டுக்காரர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது ராகத்தையோ தாளத்தையோ விட, அந்த எலும்புத் துண்டின் ரீங்காரத்தை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மூன்று நிமிடப் பாட்டு ஒன்று சுமந்துபோகக்கூடியது அவ்வளவுதான்; ஆனால் அந்த அளவும் சிறியதன்று.

முதலில் காலத்தைப் பற்றி. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆலாபனை அதற்குள் அடங்காது. உதயசங்கரின் நாட்டியக் குழு 1930-களில் பாரிசையும் நியூயார்க்கையும் கலக்கியபோது, மேற்கத்தியக் காதுகள் சிதாரை நடனத்துக்குப் பின்னணியாகத்தான் கேட்டன. அந்தக் குழுவில் ஆடிக்கொண்டிருந்த சிறுவன்தான் தம்பி ரவிசங்கர். 1938-இல் பட்டும் ஒப்பனையும் உதறிவிட்டு மைஹருக்குப் போய் அலாவுதீன் கானின் காலடியில் உட்கார்ந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் சாதகம் செய்தார். 1948-இல் நீண்டநேர இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. 1955-இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அழைப்பில் நியூயார்க் போன அலி அக்பர் கான், சரோடில் ஒரு பக்கத்துக்கு ஒரு ராகமாக வாசித்துப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு லண்டனில் ரவிசங்கரின் ‘த்ரீ ராகாஸ்’ வந்தது. ராகம் கடல் கடக்க அந்தக் கருப்பு வட்டு வேண்டியிருந்தது.

வட்டு மட்டும் போதாது, வீடும் வேண்டும். லண்டனில் அந்த வீட்டைத் திறந்துவைத்தவர் ஆயன அங்காடி என்ற கன்னடர். ஆங்கிலேய மனைவி பட்ரீஷியாவுடன் சேர்ந்து 1946-இல் ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்ற அமைப்பைத் தொடங்கினார். வந்துபோகும் வித்வான்கள், பாடம் கேட்கும் மாணவர்கள், யோகாசனம் சொல்லிக்கொடுக்க வந்த பி. கே. எஸ். ஐயங்கார் என்று எல்லாரும் அந்தக் குடும்பத்தின் வழியாகத்தான் லண்டனை அறிந்தார்கள். பின்னால் எழுதப்பட்ட வரலாறுகளில் அவர் அடிக்குறிப்பாகிவிட்டது நியாயமில்லை. அமெரிக்காவின் மறுகரையில், லாஸ் ஏஞ்சலிசில், ரிச்சர்ட் பாக் நடத்திய வேர்ல்ட் பசிபிக் நிறுவனம் ரவிசங்கரின் தட்டுகளை வரிசையாக வெளியிட்டது. அதே ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தவர்கள் பேர்ட்ஸ் குழுவினர். அவர்களில் டேவிட் கிராஸ்பிக்கு ரவிசங்கர் பித்து. இவர்களுக்கு முன்பே ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1961-இல் ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஒரு படைப்பை வாசித்துவிட்டார். 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயரிட்டார்.

இப்படி ஊறிக்கொண்டிருந்தது 1965-இல் பாப் இசைக்குள் உடைந்து வந்தது. முதல் முயற்சி தோற்றது என்பதுதான் எனக்கு முக்கியம். யார்ட்பேர்ட்ஸ் குழு ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பாட்டுக்காக ஒரு சிதார்க் கலைஞரை வரவழைத்துப் பதிவு செய்தது. மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த இரைச்சலில் சிதார் மெலிந்து போயிற்று. கடைசியில் ஜெஃப் பெக் அதே இசைத்தொடரைக் கிட்டாரில் வாசித்தார். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் என்ற சிறு மின்பெட்டி வழியாக. ஜூன் மாதம் வெளிவந்தது அந்த வடிவம்தான். சிதார் இல்லாமலே சிதாரின் ரீங்காரம் பாட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த மாதம் கிங்ஸ் குழுவின் ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ வந்தது. பயணத்தின் நடுவே பம்பாயில் தங்கியபோது, விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டு போனதைக் கேட்ட ரே டேவிஸ் அதை மறக்காமல் எழுதியது. அதிலும் சிதார் கிடையாது. கிட்டார் ஒரே சுரத்தில் நின்று தம்புராபோல முனகுகிறது. மேற்கு முதலில் தேடிப்போனது கருவியை அன்று, ஒலியை என்பதற்கு இந்த இரண்டு பாட்டுகளே எனக்குச் சான்று.

சிதாரே நேரில் வந்தது பீட்டில்ஸின் ‘நார்வீஜியன் வுட்’ பாட்டில். அதற்குச் சில மாதங்களுக்கு முன், ‘ஹெல்ப்!’ படத்தில் ஓர் இந்திய உணவகக் காட்சி. பின்னணிக்கு உட்கார்ந்திருந்த இந்தியக் கலைஞர்களிடம் ஒரு சிதார் இருந்தது. இடைவேளையில் அதை எடுத்துப் பார்த்தார் ஜார்ஜ் ஹாரிசன். பிறகு லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இந்தியாகிராஃப்ட் என்ற கடையில் மலிவான சிதார் ஒன்றை வாங்கினார். 1965 அக்டோபரில் ஜான் லெனன் எழுதிய அந்தப் பாட்டுக்கு ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்ற, மூலையில் இருந்த சிதாரை எடுத்துக் கிட்டார் மெட்டையே அதில் வாசித்தார். அக்டோபர் 12-இல் ஒரு வடிவம். பிடிக்காமல் 21-இல் மறுபடி. அந்த நாட்களில் தந்தி ஒன்று அறுந்துபோக, லண்டனில் சிதார் தந்திக்கு எங்கே போவது என்று தேடி அங்காடி வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். தந்தியோடு வந்தது அந்தக் குடும்பத்தின் நட்பும். 1966 ஜூனில் ஹாரிசன் ரவிசங்கரைச் சந்தித்தது அவர்கள் வழியாகத்தான்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதோடு ‘நார்வீஜியன் வுட்’டைக் கேட்டால் ஒன்று புரியும். பாட்டின் முதற்பகுதி ஹரிகாம்போஜியின் சுரங்களில் நடக்கிறது. நடுப்பகுதி கரகரப்பிரியாவின் பக்கம் சாய்ந்துவிட்டுத் திரும்புகிறது. நடை திஸ்ரம். ஆனால் இது எதுவும் இந்தியாவிலிருந்து வந்ததன்று. ஆங்கில, ஐரிஷ் நாட்டுப்பாடல்களில் இந்தச் சுர வரிசைகள் நெடுங்காலமாக இருப்பவை. லெனன் தம் மெட்டைக் கிட்டாரில்தான் அமைத்தார். சிதார் கொண்டுவந்து சேர்த்தது ஒரு சுரம்கூட இல்லை. தந்தியை இழுத்துச் சுரங்களை இழைக்கும் மீண்ட் இல்லை, கமகமும் இல்லை. ஏற்கெனவே இருந்த மெட்டின் மேல் அந்த எலும்பின் ரீங்காரம் படர்ந்தது, அவ்வளவே. அந்த ஒன்றுக்காகத்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்றும் முதல் நான்கு நொடிகளில் நம்மை நிறுத்துவது அதுதான்.

பதிவு செய்த பொறியாளர் நார்மன் ஸ்மித், சிதாரைப் பிடிப்பது பெரும்பாடு என்று பின்னாளில் சொன்னார். அளவுமானியின் முள் சிவப்புக்குப் பாய்ந்துவிடுமாம். காதுக்கோ ஒலி அவ்வளவு பலமாகத் தெரியாது. ராமன் சொன்ன விஷயம் ஸ்டூடியோவில் வேறு உருவில் வந்து நின்றிருக்கிறது. ஆற்றல் ஆதார சுரத்தில் குவியாமல் மேற்சுரங்களுக்குள் சிதறிக் கிடக்கும் ஒலி அது. மீட்டும் கணத்தில் கூரிய முனையாக எழுந்து உடனே பரவிவிடும். ஐரோப்பியத் தந்திகளுக்கும் குரல்களுக்கும் பழகிய கருவிகள் அதைக் கண்டு திகைத்தன.

1966-இல் வெள்ளம் வந்தது. மார்ச்சில் பேர்ட்ஸ் குழுவின் ‘எய்ட் மைல்ஸ் ஹை’. பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் கோல்ட்ரேனும் ரவிசங்கரும் கலந்த ஒலி. பத்திரிகைகள் ‘ராகா ராக்’ என்று பெயர் சூட்டின. மே மாதம் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பெயின்ட் இட் பிளாக்’. சிதார் வாசித்தவர் பிரையன் ஜோன்ஸ். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடித்தது. சிதார் ஒலித்த ஒரு பாட்டு அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. அதன் மெட்டில் கீரவாணியின் சாயல் தெரியும். தற்செயல்தான். ஆயினும் அதே காலத்தில் கீரவாணியைத் தெற்கிலிருந்து எடுத்துச் சிதாரில் பரப்பிக்கொண்டிருந்தவர் ரவிசங்கர் என்பதை நினைத்தால் மனம் கொஞ்சம் நின்று போகிறது.

ஆகஸ்டில் வந்த ‘லவ் யூ டூ’ வேறு ரகம். ஹாரிசன் அதைச் சிதாருக்காகவே எழுதினார். தாளமின்றிச் சில நொடி ஆலாபனை, பிறகு தபலா. வாசித்தவர் அங்காடியின் வட்டத்தைச் சேர்ந்த அனில் பாகவத். பீட்டில்ஸ் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் அச்சானது. மூன்று நிமிடத்துக்குள் ஆலாபனை, கத், துரித முடிவு என்று ஒரு கச்சேரியின் எலும்புக்கூட்டையே வைத்துவிட்டார். கச்சேரிக்காரர் கேட்டால் சிரிக்கலாம். ஆனால் இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர், உலகமே கேட்கும் இடத்தில் நின்றுகொண்டு, தம் பாட்டை இன்னொரு மரபின் வடிவத்துக்கு வளைத்துப் பார்த்தது சாதாரணத் துணிவன்று.

அந்தச் செப்டம்பரில் அவர் பம்பாய்க்கு வந்தார். தாஜ் ஓட்டலில் தங்கி ரவிசங்கரிடமும், அவருடைய சீடர் சம்பு தாஸிடமும் பாடம் கேட்டார்; கூட்டம் மொய்க்கத் தொடங்கியதும் காஷ்மீரின் படகுவீட்டுக்குப் போய்விட்டார்கள். முதல்நாட்களில் நடந்த ஒன்றை ஹாரிசனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பாடத்தின் நடுவே தொலைபேசி மணி அடித்தது. சிதாரைத் தரையில் கிடத்திவிட்டு எழுந்து, அதைத் தாண்டிப் போனார். ரவிசங்கர் அவர் காலில் ஓர் அடி வைத்தார்: வாத்தியத்துக்கு மரியாதை வேண்டும். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தையும் வாத்தியத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. ஹாரிசன் அந்த அடியை ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லும்போதெல்லாம் நன்றியோடுதான் சொன்னார்.

(அதே ஆண்டு அக்டோபர் 23-இல் நியூயார்க்கில், ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார். பாப் இசையின் காது அந்தப் பக்கம் திரும்பவில்லை. குரலைக் கொண்டுபோக முடியாது, ரீங்காரத்தைக் கொண்டுபோகலாம்.)

ஹாரிசன் கற்றதன் பலன் 1967-இல் ‘விதின் யூ விதவுட் யூ’. அகில இந்திய வானொலிக்காக ரவிசங்கர் அமைத்த நீண்ட இசையொன்றின் அடிப்படையில் அதைச் சுருக்கி எழுதியதாக ஹாரிசன் சொன்னார். ஐந்து நிமிடப் பாட்டு. மீண்டும் ஹரிகாம்போஜியின் சுரங்கள், வடக்கே கமாஜ் தாட். பாட்டு பதினாறு மாத்திரைத் தீன்தாளில் ஓடுகிறது. இடையிசையில் பத்து மாத்திரை ஜப்தாளுக்குத் தாவுகிறது. அந்த இடத்தில் தில்ருபாவும் சிதாரும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்கின்றன. எட்டு வயலினும் மூன்று செல்லோவும் வாசிக்க வந்த லண்டன் கலைஞர்களிடம், தில்ருபாவின் வழுக்கலை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பாடுபட்டிருக்கிறார். சுரத்திலிருந்து சுரத்துக்குக் குதிக்காமல் இழைந்து போவது. நாம் ஜாரு என்பது. என் கணக்கில், ரீங்காரத்தைத் தாண்டி வேறொன்றை மேற்கத்தியப் பாட்டு உண்மையிலேயே வாங்கிக்கொண்ட இடம் இது. மறு ஆண்டு ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. கூடத்தில் ‘தி இன்னர் லைட்’ பாட்டுக்கான இசையைப் பதிவு செய்தபோது, ஹாரிசனுக்குச் சிதாரை முன்னே நிறுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆஷிஷ் கானின் சரோடும் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் பாட்டைத் தாங்கின.

மற்றவர்களுக்கு இவ்வளவு பொறுமை இல்லை; தேவையும் இல்லை. சம்மணமிட்டு உட்கார வேண்டும், கால்மேல் காலை மடித்துக் கருவியைத் தாங்க வேண்டும், இடக்கை விரல்கள் தந்தியில் கிழிபட வேண்டும், ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குச் சுருதி மாற்ற அரைமணி நேரம் வேண்டும். நியூயார்க்கின் ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்த கிட்டார்க்காரர் வின்சென்ட் பெல் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் யோசனையில் டானெலெக்ட்ரோ நிறுவனம் 1967-இல் கோரல் என்ற பெயரில் மின்சிதாரை வெளியிட்டது. பெயர்தான் சிதார். ஆறு தந்திகள், கிட்டாரின் சுருதி, கிட்டாரின் மெட்டுகள், தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி வாசிக்கலாம். பக்கத்தில் 13 துணைத்தந்திகள். இதன் உயிர் குதிரையில் இருந்தது. கிட்டாரின் கூரிய விளிம்பை எடுத்துவிட்டு, தட்டையான, அகலமான, இலேசாகச் சாய்ந்த குதிரையை வைத்தார்கள். தந்தி அதன் மேல் உரசி ரீங்கரித்தது. ராமன் எந்த உறுப்பைச் சுட்டிக்காட்டினாரோ அதை மட்டும் கருவியிலிருந்து கழற்றி எடுத்து இன்னொரு கருவியில் பொருத்திவிட்டார்கள்.

இந்த மின்சிதார் போன வழி எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி, பேசப்படாத பகுதியும்கூட. ‘கிரீன் டாம்போரின்’ பாட்டு 1968 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது அது ஹிப்பிகளின் ஒலியாகத்தான் இருந்தது. அதே ஆண்டில் மெம்பிஸ் நகரில் ரெஜி யங் என்ற கிட்டார்க் கலைஞர் அதைக் காதல் பாட்டுகளுக்குள் கொண்டுபோனார்: பாக்ஸ் டாப்ஸின் ‘கிரை லைக் எ பேபி’, பி. ஜே. தாமஸின் ‘ஹுக்ட் ஆன் எ ஃபீலிங்’. அங்கிருந்து கறுப்பின மக்களின் சோல் இசை அதைத் தன்னதாக்கிக்கொண்டது. பிலடெல்பியாவின் டெல்ஃபானிக்ஸ் பாட்டுகளில், ஸ்டீவி வொண்டர் 1970-இல் பாடிய ‘சைன்ட், சீல்ட், டெலிவர்ட்’ பாட்டின் தொடக்கத்தில், ஸ்டைலிஸ்டிக்ஸின் ‘யூ மேக் மீ ஃபீல் பிராண்ட் நியூ’வில் அந்த ரீங்காரம் இருக்கிறது. அங்கே இந்தியா இல்லை. ஊதுபத்தி இல்லை, ஞானத்தேடல் இல்லை. மனம் இளகும் இடத்தில் தொண்டை கொஞ்சம் கரகரக்குமே, அந்தக் கரகரப்பு இருக்கிறது. ஒரு ஒலி தன் ஊரை மறந்து இன்னோர் ஊரின் உணர்ச்சியாகிவிடும்போதுதான் அது உண்மையில் குடியேறியது என்று சொல்லத் தோன்றுகிறது. 1972-இல் ஸ்டீலி டானின் ‘டூ இட் அகெய்ன்’ பாட்டில் அது தனி ஆவர்த்தனமே செய்தது. 1991-இல் மெட்டாலிகா என்ற கனத்த உலோக இசைக் குழுவின் பாட்டொன்று அதில்தான் தொடங்குகிறது. ‘ராகா ராக்’ என்ற சொல் செத்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது அப்போது.

இதற்கிடையில் ரவிசங்கர் பட்ட பாடு தனி. 1967 ஜூன் 18, ஞாயிறு பிற்பகல், மான்டெரே பாப் விழாவில் அவருக்கென்றே ஒரு தனி வேளை ஒதுக்கினார்கள். பீம்பிளாஸ் வாசித்தார், நம் ஆபேரிக்கு நெருங்கிய உறவு. அந்த விழாவைப் படமாக்கிய பென்னிபேக்கர், தம் படத்தை அவரும் தபலாக் கலைஞர் அல்லா ரக்காவும் வாசிப்பதோடுதான் முடித்தார். கேட்பவர்களின் முகங்களை அதில் பார்க்கலாம்; பலர் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதே மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரைக் கொளுத்தினார். ஹூ குழுவினர் வாத்தியங்களை அடித்து நொறுக்கினார்கள். வாத்தியத்தைத் தாண்டியதற்கே காலில் அடித்த மனிதர் அவர். போதைப்பொருளோடு தம் இசையைச் சேர்த்துப் பேசுவது அவரை இன்னும் புண்படுத்தியது. புகைபிடித்துக்கொண்டு கேட்காதீர்கள் என்று மேடைதோறும் கேட்டுக்கொண்டார். 1969 ஆகஸ்ட் 15 இரவு உட்ஸ்டாக்கில் மழையில் வாசித்தபின் இத்தகைய பெருங்கூட்டங்களிலிருந்து விலகத் தொடங்கினார்.

1971 ஆகஸ்ட் 1 விதிவிலக்கு. கிழக்கு வங்கத்து அகதிகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் ஹாரிசனிடம் கேட்டதன் பேரில், நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு காட்சிகள் நடந்தன. மொத்தம் 40,000 பேர். அன்று சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது; சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்தபடி சொன்னார். இந்தச் சம்பவத்தை மேற்கத்திய அறியாமைக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிதாரையும் சரோடையும் தம்புராவையும் ஒன்றோடொன்று இழைத்துக்கொண்டு வரும்போது, ஜவாரி திறக்கும் கணத்தில் எழும் அந்த அலை அழகானதுதான். ஆறு ஆண்டுகளாகப் பாட்டுகளின் நடுவே துண்டு துண்டாக அதைக் கேட்டிருந்தவர்கள், முழுதாகக் கேட்டதும் கைதட்டினார்கள். அவர்கள் காது பிழையாகப் பழகவில்லை. பாதிவழி பழகியிருந்தது.

அன்று பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியவர் கமலா சக்கரவர்த்தி. அவருடைய அக்கா லட்சுமி சங்கர். தென்னிந்தியக் குடும்பத்தில் பிறந்து, உதயசங்கரின் அல்மோரா மையத்தில் ஆடக் கற்று, உடல்நலம் கெட்டபின் நாட்டியத்தை விட்டு இந்துஸ்தானிப் பாடகியானவர். 1974-இல் ஹாரிசன் தயாரித்த ‘ஐ ஆம் மிஸ்ஸிங் யூ’, ரவிசங்கர் கண்ணனை நினைத்து ஆங்கிலத்தில் எழுதிய பாட்டு, பாடியவர் லட்சுமி. ரவிசங்கரின் சிதாரிலேயே தெற்கு நிறைய இருந்தது. டெல்லி வானொலியின் வாத்திய விருந்தா என்ற இசைக்குழுவை அவரோடு சேர்ந்து நடத்தியவர் வயலின் வித்வான் டி. கே. ஜெயராமய்யர். சாருகேசி, வாசஸ்பதி, சிம்மேந்திர மத்யமம் என்று மேளகர்த்தா ராகங்களை அவர் வடக்கே கொண்டுபோனார். முத்தாய்ப்புகளிலும் கோர்வைகளிலும் நம் தாளக் கணக்கை எடுத்துக் கையாண்டார். கலிபோர்னியாவில் சிதார் என்று கேட்டவர்கள், தங்களுக்குத் தெரியாமலே, கொஞ்சம் காவிரிக் கரையையும் கேட்டிருக்கிறார்கள்.

தாளத்தை எடுத்துக்கொண்டவர்கள் பாப் உலகத்துக்கு வெளியே இருந்தார்கள். ‘சப்பாக்வா’ படத்துக்கு ரவிசங்கர் அமைத்த இசையைப் பாரிசில் மேற்கத்தியக் குறிமுறையில் எழுதித்தர அமர்ந்தவர் இளம் பிலிப் கிளாஸ். எங்கே பிரிப்புக்கோடு போட்டாலும் அந்த இடத்தில் ஓர் அழுத்தம் விழுந்துவிடுகிறது. எல்லாச் சுரமும் சமம் என்று அல்லா ரக்கா சொல்லிக்கொண்டே இருந்தாராம். கோடுகளை அழித்துவிட்டுப் பார்த்தபோது, சிறு சிறு எண்ணிக்கைகள் சேர்ந்து பெரிய சுற்றாவது கிளாஸுக்குப் புலப்பட்டது. அவருடைய பிற்கால இசை முழுவதும் அந்தக் கூட்டல் கணக்கின் மேல் நிற்கிறது.

ஹாரிசன் 1968-இல் சிதாரைக் கீழே வைத்தார். குழந்தைப் பருவத்தில் தொடங்கி நாளெல்லாம் சாதகம் செய்தவர்களின் பக்கத்தில் தாம் எங்கே நிற்கிறோம் என்பது, மூன்று ஆண்டு உழைத்த பிறகு அவருக்குத் தெரிந்துவிட்டது. கிட்டாருக்குத் திரும்பினார். ஆனால் 1970-இல் ‘மை ஸ்வீட் லார்டு’ வந்தபோது அந்தக் கிட்டார் பழைய கிட்டாராக இல்லை. விரலில் மாட்டிய உருளையைத் தந்தியில் இழைத்து வாசிக்கும் ஸ்லைடு முறையில், சுரங்களுக்கு நடுவே அவர் தங்கிச் செல்லும் இடங்கள் அமெரிக்க புளூஸின் இடங்கள் அல்ல. ரீங்காரம் துளியும் இல்லை, மீண்ட் இருக்கிறது. சிதாரை விட்டவரிடம் சிதாரின் பாடம் தங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்கு அறிந்த ரீங்காரம் சிதாரின் ஒரே குரல் அன்று. ஜவாரியில் திறந்தது, மூடியது என்று வகை உண்டு. எலும்பின் வளைவைச் சற்று மாற்றி இழைத்தால் தந்தி நெடுநேரம் உரசும். ஒலி விரியும், மின்னும். அது திறந்த ஜவாரி. ரவிசங்கரின் சிதார் அப்படிப்பட்டது. வேறு விதமாக இழைத்தால் உரசல் குறைந்து, ஒலி உருண்டு திரண்டு குரல்போலாகும். அது மூடிய ஜவாரி. விலாயத் கான் அதைத்தான் விரும்பினார். மந்திர ஸ்தாயித் தந்திகளைக் குறைத்து, ஒரே மெட்டில் தந்தியை இழுத்து ஐந்து சுரம்வரை கொண்டுபோய், வாய்ப்பாட்டையே சிதாரில் பாடினார். அவரும் உலகெங்கும் வாசித்தார். அவரைக் கேட்டவர்கள் மறக்கவில்லை. ஆனால் எந்தப் பாப் பாட்டும் அவர் ஒலியைத் தேடிப் போகவில்லை. மூடிய ஜவாரியில் கழற்றி எடுத்துக்கொண்டு போக எதுவும் இல்லை. எல்லாம் இடக்கையிலும் மூச்சிலும் இருக்கிறது.

எலும்பு நெடுநாள் தாங்காது. தினமும் சாதகம் செய்யும் சிதாரில் தந்தி தன் அடியிலேயே பள்ளம் பறித்துவிடும். ரீங்காரம் கலங்கும், சுருதி சேர்ந்தும் சேராததுபோல் கேட்கும். அப்போது குதிரையை மறுபடி இழைக்க வேண்டும். டெல்லியில் கன்னாட் பிளேஸ் ரிக்கி ராம் கடையில், 1966-இல் பீட்டில்ஸ் வந்து போன கடை, இன்றும் அந்த வேலை நடக்கிறது. கல்கத்தாவிலும் மிரஜிலும் நடக்கிறது. சிதாரை வாங்கி மடியில் சாய்த்துக்கொண்ட பட்டறைக்காரர் அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன், வாசிப்பவரிடம் ஒன்று கேட்பார்: திறக்கவா, மூடவா?